மேட்டூர் தேக்கத்தில் தனியாகத் துடுப்புப் போடக் கிளம்புகிறவர்களுக்கு

சேலத்தைச் சுற்றிப் பறவை பார்க்கிறவர்களிடம் கேட்டால் எந்த மாதம், எந்தக் கரை, என்ன பறவை என்று மணிக்கணக்கில் சொல்வார்கள். நானும் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் தண்ணீருக்குள் இறங்கினால் எப்படித் திரும்பி வருவது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது. போன சித்திரையில் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் நடுவே ஒரு சேற்றுத் திட்டில் பகல் முழுக்கத் தனியாகக் கிடந்தேன். அதில் என்ன நடந்தது, எவ்வளவு போனது, எது தெரிந்திருந்தால் தப்பித்திருப்பேன் என்பதை எழுதிவைக்கிறேன். இப்போதெல்லாம் காற்றடைக்கிற கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கிறது. அடுத்து யாராவது வாங்கிக்கொண்டு கிளம்பத்தான் போகிறார்கள்.

எனக்குப் பறவைப் பழக்கம் வந்தது கன்னங்குறிச்சி மூக்கனேரியில். 58 ஏக்கர் ஏரி. 2010 வாக்கில் ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து தூர்வாரி, அந்த மண்ணிலேயே ஏரிக்குள் சின்னச் சின்னத் திட்டுகள் போட்டு மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில்தான் வக்காவும் நீர்க்காகமும் அடைகின்றன. கரையில் நின்றே பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயப்போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் ஏரிக்கு நடுவில் இருப்பதெல்லாம் கரையிலிருந்து புள்ளிதான். ஏற்காடு ஏரியில் படகு இருக்கிறதே என்பீர்கள். குடும்பத்தோடு பெடல் படகு மிதிக்க அது நல்ல இடம், ஆனால் அந்தச் சத்தத்தில் நீர்ப்பறவை எங்கே நிற்கும்? ஏற்காட்டில் பறவை பார்க்க வேண்டுமானால் காப்பித் தோட்டத்துக்குள் நடக்க வேண்டும். சத்தமில்லாமல் தண்ணீர் மட்டத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு பறவையை அதன் உயரத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக இருந்தது. குறிப்பாக ஆற்று ஆலா.

அந்தப் பறவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏன் இந்தப் பைத்தியம் என்று தோன்றும். மஞ்சள் அலகு, இனப்பெருக்கக் காலத்தில் நெற்றி முதல் பிடரி வரை கருந்தொப்பி, பிளந்த நீண்ட வால். ஆற்று நடுவே மணல் திட்டில் வெறுந்தரையில் முட்டையிடும். அணைகளில் தண்ணீர் ஏறி இறங்குவது, நாய்கள், மனிதர்கள் எல்லாம் சேர்ந்து அதன் கூடுகளை அழித்துக்கொண்டிருப்பதால், 2020இல் உலக அளவில் அழிவாய்ப்புள்ள பறவைகளின் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். மேட்டூர்ப் பக்கம் அது பறப்பதை ஒருமுறை பாலத்திலிருந்து பார்த்ததோடு சரி, மனசிலேயே நின்றுவிட்டது.

கயாக் 16,500 ரூபாய். ஒரு ஆள் உட்காருவது, இரண்டு பக்கமும் அடியும் தனித்தனிக் காற்றறை. கூடவே இலவசமாக ஒரு மிதவைச் சட்டை கொடுத்தார்கள். தொட்டுப் பார்த்ததுமே அது பொம்மை என்று தெரிந்ததால் 2,200 ரூபாய்க்கு நல்லதாகத் தனியாக வாங்கினேன். அன்று போன பணத்திலேயே உருப்படியான செலவு அதுதான். வாங்கும்போது எத்தனை கிலோ ஆளைத் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், தொடையைச் சுற்றி வரும் வார் இருக்கிறதா பாருங்கள். அந்த வார் இல்லையென்றால் தண்ணீரில் சட்டை மட்டும் மேலே ஏறிவிடும், ஆள் கீழே இருப்பார். நண்பர் ஒருவரின் பண்ணைக்குட்டையில் சில ஞாயிற்றுக்கிழமைகள் பழகினேன். நன்றாகவே வந்தது. குட்டையில் காற்று கிடையாது, அலை கிடையாது. அங்கே கற்றது துடுப்பைப் பிடிக்க மட்டும் உதவும்.

மேட்டூர் தேக்கத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாதது இல்லை. 1925இல் தொடங்கி 1934இல் முடித்த அணை, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு மட்டம் 120 அடி. தினமும் காலை செய்தியில் நீர்மட்டம், நீர்வரத்து, நீர்த்திறப்பு என்று வரும். அந்த எண்கள் தஞ்சாவூர் விவசாயிகளுக்கானவை, ஜூன் 12 தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று பார்ப்பதற்கு, என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். துடுப்புப் போடுகிறவன் பார்க்க வேண்டிய முதல் எண்ணே அதுதான் என்று அந்தத் திட்டில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. 120 அடியில் இருக்கிற தேக்கமும் 80 அடிக்குக் கீழே இருக்கிற தேக்கமும் ஒரே இடமே இல்லை. நன்றாக இறங்கிய ஆண்டுகளில் பண்ணவாடியில் மூழ்கிக்கிடக்கும் தேவாலயத்தின் கோபுரம் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தி முழுசாக வெளியே வரும், ஜனங்கள் போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள். போன் வரைபடத்தில் செயற்கைக்கோள் படம் பார்த்து நான் பாதை போட்டுவைத்திருந்தேன். அது எப்போது எடுத்த படமோ, அதில் நீலமாக இருந்த இடமெல்லாம் அன்று பழுப்பாக இருந்தது. ஆகவே படத்தை நம்பி வழி போடாதீர்கள். அன்றைய நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அந்த மட்டத்தில் எது தண்ணீர், எது திட்டு, எது சேறு என்று கரையில் இருக்கிறவரிடம் கேளுங்கள்.

விடிவதற்கு வெகு முன்னால் கிளம்பி ஓமலூர், மேச்சேரி, மேட்டூர் தாண்டி, கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். அணையை ஒட்டிய பகுதி நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அங்கே இறங்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு மேலே போனது. பரிசல் துறையில் மீனவர்கள் இரவு போட்ட வலையை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் மூங்கிலும் தோலுமாக இருந்த பரிசல் இப்போது பெரும்பாலும் ஃபைபர். ஜிலேபியும் கெண்டையும் தட்டில் துள்ளிக்கொண்டிருந்தன. நான் பம்பை மிதித்துக் கயாக்கை ஊதுவதை இரண்டு பேர் சிரித்தபடி பார்த்தார்கள். ஒருவர், "இதுல குந்திக்கிட்டுப் போனா முதலாளிங்க, கவுந்தா சொல்லி அனுப்புங்க" என்றார். நானும் சிரித்தேன்.

முதல் இரண்டு மணி நேரத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயே வராது. தண்ணீர் அசையவில்லை. துடுப்பிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். ஒரு புள்ளிமூக்கு வாத்து ஜோடி என்னைப் பொருட்படுத்தாமல் பக்கத்திலேயே மேய்ந்தது. அப்புறம் ஆற்று ஆலா வந்தது. ஆளைப் பார்த்து ஒதுங்கவில்லை. அலகைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே தாளம் தப்பாமல் பறக்கும், ஒரு இடத்தில் சட்டென்று நின்று சிறகடிக்கும், அப்படியே தலைகீழாக விழும். எழும்பும்போது அலகில் மீன் குறுக்காக இருக்கும். பறந்தபடியே அதைத் தூக்கிப்போட்டுத் தலைப்பக்கம் திருப்பிப் பிடித்து விழுங்கியது. அதை அத்தனை கிட்டத்தில் பார்த்தேன், அலகிலிருந்து சொட்டிய தண்ணீர் தெரிந்தது. எடுத்த படங்களெல்லாம் கேமராவோடு போய்விட்டன என்பது தனிக்கதை.

நடுவில் ஒரு வலை. மேலே மிதக்கும் தெர்மாகோல் துண்டும் காலி பாட்டிலும்தான் அடையாளம். வெயில் எதிரே அடித்தால் அதுவும் தெரியாது. துடுப்பு மாட்டிக்கொண்டது. கத்தி இருந்தது, அறுக்கவில்லை. ஒரு வலை ஆயிரக்கணக்கில் ஆகும், அதை வைத்துத்தான் அவர்கள் பிழைப்பு. மாட்டினால் துடுப்பை இழுக்காமல், நூல் போகிற திசையிலேயே விட்டு, கண்ணி கண்ணியாக எடுத்தால் பத்து நிமிஷத்தில் வந்துவிடும். எழுந்து நிற்க மட்டும் கூடாது.

காற்று ஒன்பதரை, பத்து மணிக்கு வந்தது. இதை நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இங்கேதான் கெட்டது. மேற்கே பாலமலை. காற்றும் மேற்கிலிருந்து. நான் இறங்கியதும் மேற்குக் கரை. அதாவது கரையிலிருந்து தண்ணீரை நோக்கித் தள்ளுகிற காற்று. இதில் உள்ள மோசம் என்னவென்றால், கரையோரம் மலையும் மேடும் மறைப்பதால் அங்கே காற்றே தெரியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். உள்ளே போகப் போகத்தான் பிடிக்கும், பிடித்த பிறகு அது போகிற திசையில்தான் நீங்களும் போவீர்கள். காற்றடைத்த கயாக் எடை குறைவு, அடி தட்டை, பக்கங்கள் உயரம். எதிர்காற்றில் பத்து வீச்சு போட்டு இரண்டு வீச்சு தூரம் போகும், மூச்சு வாங்க நிறுத்தினால் இருந்த இடத்துக்கும் பின்னால் போய்விடும். அரைமணி நேரம் போராடினேன். கரையில் நான் குறியாக வைத்திருந்த பனைமரம் கிட்டே வரவே இல்லை. தோள் மரத்துப்போனது. பயம் அப்போதுதான் வந்தது. அதுவரை எரிச்சல்தான் இருந்தது.

தெரிந்தவர்கள் பிறகு சொன்னது இது: போகும்போது எதிர்காற்றில் போ, திரும்பும்போது காற்று உன்னைக் கொண்டுவரட்டும். காற்று இல்லாத காலையில் இறங்கினால், பிறகு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பரிசல்காரரிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கமாகவே கரையை ஒட்டிப் போ. எதிர்காற்றில் மாட்டினால் நேராகக் கரைக்கு முட்டாமல் சாய்வாகப் போ. முடியவில்லை என்றால் வலுவிருக்கும்போதே, காற்றுப் போகிற திசையில் எங்கே ஒதுங்கலாம் என்று தேடு. நான் கடைசியாகச் செய்தது அதைத்தான், நானாக யோசித்து அல்ல, வேறு வழியில்லாமல். காற்று என்னைக் கொண்டுபோய்த் தேக்கத்துக்கு நடுவே தண்ணீர் இறங்கியதால் வெளியே வந்திருந்த ஒரு திட்டில் சேர்த்தது. பார்க்க நல்ல தரை. வெடித்துக் காய்ந்த மண். அப்பாடா என்று இருந்தது.

திட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வேலிக்காத்தான் முள். மழை பொய்த்த ஆண்டுகளில் தேக்கத்தின் அடியில் முளைத்து வளர்ந்துவிடும், பிறகு தண்ணீர் ஏறியதும் மூழ்கிச் செத்துவிடும். செத்தாலும் முள் சாவதில்லை. தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நின்ற கிளை இடது காற்றறையைக் கிழித்தது. உஸ் என்று சத்தம், ஒருபக்கம் சரிந்தது, நானும் சரிந்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் கால் வைத்த இடம் தரையாக இல்லை.

அதுவரை சேறு என்றால் எனக்கு வயல் சேறுதான். இது வேறு. காவிரி 1934 முதல் கொண்டுவந்து கொட்டுகிற வண்டல். ஆற்றின் வேகம் தேக்கத்தில் வந்து அடங்குகிற மேல்பகுதியில்தான் அது அதிகம் படியும். களிம்பு மாதிரி மென்மையாக இருக்கும், முட்டி வரை வழுக்கிக்கொண்டு போகும், தொடை வரை போனதும் இறுகும். ஒரு காலை இழுத்தால் மற்றக் கால் இன்னும் இறங்கும். வார் வைத்த செருப்பு முதல் நிமிஷத்திலேயே அடியில் தங்கிவிட்டது. உள்ளே மட்டி ஓடுகள் இருக்கின்றன, பிளேடு போலக் கூர்மை. பாதம் கிழிந்தது அப்போது தெரியவில்லை, பிறகு கழுவும்போதுதான் தெரிந்தது. கழுத்தில் தொங்கிய பைனாகுலர் எப்போது போனதென்றே தெரியாது. கேமரா பை நீர் புகாத பை என்று எழுதி விற்றது. வாயைச் சுருட்டி மூடாமல் நான் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் அந்த எழுத்தால் பிரயோஜனம் இல்லை.

என்னைக் காப்பாற்றியது பாதி காற்றுப் போன அந்தக் கயாக்தான். அதை இழுத்து முன்னால் போட்டு, அதன்மேல் நெஞ்சை வைத்துக் குப்புறப் படுத்தேன். உடம்பின் எடை பரவியதும் கால் இறங்குவது நின்றது. பிறகு காலை நேராக மேலே இழுக்காமல், பின்பக்கமாக நீட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி ஆட்டி எடுத்தேன். ஆட்டும்போது இடைவெளியில் தண்ணீர் புகும், பிடி விடும். ஒரு கால் வந்த பிறகு அதை மடக்கிக் கயாக்மேல் வைத்து மற்றது. அப்படியே அதைத் தள்ளுவதும் அதன்மேல் ஊர்வதுமாகத் திட்டின் உச்சிக்குப் போனேன். ஐம்பது அடி தூரம் இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நின்று நடக்க முயன்றிருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று பிறகு மீனவர்கள் சொன்னார்கள். காய்ந்து வெடித்திருப்பது மேல் தோல் மட்டும், அடியில் குழம்பு.

தரை கெட்டியா என்று பார்க்க அவர்கள் சொன்ன வழி எளியது. ஆட்டுப் புழுக்கை கிடக்கிறதா, மாட்டுக் குளம்பு பதிந்திருக்கிறதா பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்கிய நிலத்தில் கம்பு, எள், வெள்ளரி என்று ஏதாவது போட்டிருந்தால் அங்கே தைரியமாக இறங்கலாம், ஏர் நின்ற இடத்தில் ஆளும் நிற்கலாம். ஒன்றுமே இல்லாத, அழகாகப் பாளம் பாளமாக வெடித்த வெற்றுத் தரைதான் ஆபத்து. கொக்கு நிற்கிறதே என்று நம்பக் கூடாது, அதன் எடை என்ன, நம் எடை என்ன.

போன் உறையில் இருந்தது, உயிரோடு இருந்தது. ஈரக் கையில் திரை வேலை செய்யவில்லை, துடைக்கக் காய்ந்த துணி இல்லை. ஒருவழியாக 112க்குப் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்: எந்த ஊர்? எந்தத் தெரு? பக்கத்தில் என்ன அடையாளம்? பண்ணவாடிக்கும் நாகமரைக்கும் இடையில் தண்ணீருக்குள் என்றேன். அது சேலம் மாவட்டக் கரையா, தர்மபுரி மாவட்டக் கரையா என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது, பிறகு வரவே இல்லை. நீங்கள் போகும்போது அந்தப் பகுதித் திட்டுகளுக்கும் துறைகளுக்கும் ஊர்க்காரர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உதவிக்கு வருகிறவர்களுக்குப் புரிவது அந்தப் பெயர்தான். கரையில் ஒருவரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, இத்தனை மணிக்குள் வராவிட்டால் தேடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். டீக்கடைக்காரரிடம் சொன்னாலும் போதும். வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன், ஆனால் வீட்டில் இருப்பவருக்கு அந்தத் திட்டு எங்கே தெரியும்?

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. தேக்கத்தில் ஆள் நடமாட்டம் இரண்டே வேளைதான். விடியலில் வலை எடுக்க வருவார்கள், சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வலை போட வருவார்கள். நடுப்பகலில் காக்கா குருவி கூட இல்லை. நாகமரைக்குப் போகும் பரிசலும் படகும் உண்டு, ஆனால் அவை போகிற பாதை எனக்கு வெகுதூரம். கத்திப் பார்த்தேன், சட்டையை வீசிப் பார்த்தேன். ஒரு விசில், இருபது ரூபாய் விசில், வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சித்திரை வெயிலில் நிழல் என்று ஒரு குச்சி கிடையாது. கயாக்கை நிமிர்த்திச் சாய்த்து அதன் நிழலில் ஒண்டிக்கொண்டேன். இரண்டு லிட்டர் தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்தது. அப்புறம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஞாபகம் வந்து அழுதேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும், உண்மையில் கேமராவுக்காகத்தான் அழுதேன்.

என் தலைக்கு மேல் சிவப்பு மூக்கு ஆள்காட்டி ஒரு ஜோடி. திட்டில் எங்கோ அவற்றின் முட்டை இருந்திருக்க வேண்டும். நான் வந்ததிலிருந்து கத்திக்கொண்டு, தாழப் பாய்ந்து, மறுபடி எழும்பி, ஓய்வே கிடையாது. தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு இந்த வெயிலில் தாய் எழுந்து போனால் முட்டை வெந்துவிடும். அதனால் இருந்த இடத்தை விட்டு அசையாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று மட்டும் இறங்கி ஓடி ஓரிடத்தில் அமர்ந்தது, மற்றது விடாமல் கத்தியது. சும்மா படம் எடுக்கப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். மாசி முதல் வைகாசி வரை இந்தத் திட்டுகளில் இறங்கவே வேண்டாம். ஆலாவும் ஆள்காட்டியும் அங்கேதான் குடும்பம் நடத்துகின்றன.

மூன்று மணிக்கு மேல் பாலமலைப் பக்கம் கறுத்தது. கோடை மழைக்கு முன்னால் வருகிற அந்தப் புழுக்கம், பிறகு திடீரென்று குளிர்காற்று. இடி கேட்டது. வெட்டவெளியில் அந்தப் பக்கத்திலேயே உயரமான பொருள் நான்தான். துடுப்பின் தண்டு அலுமினியம், அதைத் தூரப் போட்டேன். திட்டின் உச்சியிலிருந்து கீழே, தண்ணீரிலும் இறங்காமல், இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்துக் குந்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். படுக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருந்தது. மழை பத்து நிமிஷம்தான் அடித்தது. மின்னல் கொளத்தூர்ப் பக்கமே போய்விட்டது. தொப்பியில் பிடித்துக் குடித்த மழைத்தண்ணீர் அன்றைக்கு அமிர்தம். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் தண்ணீரில் இருக்காதீர்கள். காலை பத்து மணிக்குக் கரையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் காற்றுக்கும் இடிக்கும் சேர்த்தே தப்பலாம். ஆடி மாதத்தில் இறங்கவே வேண்டாம். காற்று ஒருபக்கம், கர்நாடகத்தில் திறந்த தண்ணீர் ஒருபக்கம், மட்டம் எப்படி ஏறும் என்றே சொல்ல முடியாது.

ஐந்து மணி சுமாருக்கு ஒரு பரிசல் வந்தது. ஒரு பெரியவர், கூட அவர் மருமகன். என்னைத் தேடி வரவில்லை, வலை போடப் போனவர்கள். "ஆக்காட்டி விடாம கத்துதேன்னு பார்த்தனுங்க. நரியோ நாயோன்னு நெனச்சேன்" என்றார் பெரியவர். திட்டுக்கு வராமல் முள் இல்லாத பக்கமாகச் சுற்றி வந்து, தண்ணீர் ஆழமாக இருந்த ஒரு இடத்தில் பரிசலை நிறுத்திக் கயிற்றை வீசினார். "நடக்காதீங்க தம்பி, அந்த ரப்பர்மேலயே படுத்துக்குங்க, நாங்க இழுத்துக்கறோம்." பரிசலில் ஏறி உட்கார்ந்ததும் கால் இரண்டும் நடுங்க ஆரம்பித்தன, நிறுத்த முடியவில்லை. மருமகன் தன் பாட்டிலைக் கொடுத்தார். "ஒத்தையில எதுக்குங்க வந்தீங்க?" என்று கேட்டார். குருவி பார்க்க என்றேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு பெரியவர், "எங்ககூட வந்திருந்தா காட்டியிருப்பமே, தெனம் பாக்கறதுதான்" என்றார். ஆயிரம் ரூபாய் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார். அன்றைக்கு வலை போடும் நேரம் என்னால் வீணாகிவிட்டது என்று வற்புறுத்தியதும் ஐந்நூறை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பணக் கணக்கு இது. கேமராவும் லென்சும் 92,000 ரூபாய்க்கு வாங்கியவை, லென்ஸ் பழையது. பைனாகுலர் 11,000. போனுக்குள் ஈரம் இறங்கி மறுநாள் நின்றுவிட்டது, சரிசெய்ய 4,800. பாதத்தில் தையல், ஊசி, மாத்திரை என்று 2,300. மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம், ஆபீசில் ஒரு வாரச் சம்பளம் தனி. கேமராவைப் பழுது பார்க்கிறவர் கேட்ட முதல் கேள்வி, "நனைஞ்சப்புறம் ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" பார்த்திருந்தேன். கரைக்கு வந்ததும் எல்லோரும் செய்கிற வேலைதானே. அதனால்தான் போர்டு எரிந்தது என்றார். நனைந்தால் உடனே பேட்டரியையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டு, எதையும் அமுக்காமல், திறந்துவைத்து அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அரிசி மூட்டையில் புதைப்பதெல்லாம் வேலைக்காகாது, தூசிதான் உள்ளே போகும். தண்ணீர் புகுந்தால் வாரண்டி கிடையாது என்பது அட்டையிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது.

இப்போது நான் போவது பெரியவரின் பரிசலில். விடியற்காலை அவர்கள் வலை எடுக்கப் போகும்போது கூடவே ஏறிக்கொள்வேன், அவர்கள் திரும்பும்போது திரும்பிவிடுவேன். கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. மீன் குறைவான நாளில் அவர்களுக்கும் அது உதவும். மிதவைச் சட்டை இல்லாமல் ஏற மாட்டேன். அதைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பரிசலில் ஓரத்தில் சாயாமல் நடுவில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். படம் எடுக்க எழுந்து நிற்கக் கூடாது. பரிசல் சுற்றும்போது கண்ணைத் தூரத்தில் வைத்தால் தலை சுற்றாது. அவர்கள் பறவைக்காக நிறுத்த மாட்டார்கள், வலைக்காக நிறுத்துவார்கள். ஆனால் வலையில் மீன் இருக்கிற இடத்துக்குத்தானே ஆலாவும் வருகிறது. கூழைக்கடா கூட்டமாக நீந்துவதையும், செம்பருந்து வலையிலிருந்தே மீனைத் தூக்குவதையும், பெரியவர் அதைத் திட்டுவதையும் அங்கே உட்கார்ந்துதான் பார்த்தேன்.

தனியாகத் துடுப்புப் போட்டே தீருவேன் என்கிறவர்களுக்கு: நீர்மட்டம் உயர்ந்து நின்றிருக்கும் ஆண்டில், ஐப்பசி மழை ஓய்ந்து மார்கழி, தையில் போங்கள். தண்ணீர் முள்ளையும் சேற்றையும் ஆழமாக மூடியிருக்கும், இடி மழை கிடையாது, குளிர்கால விருந்தாளிகளும் வந்திருப்பார்கள். கரையிலிருந்து கத்தினால் கேட்கிற தூரத்தைத் தாண்டாதீர்கள். பஞ்சர் ஒட்டும் பட்டை, பம்ப், விசில், பத்து மீட்டர் கயிறு, துடுப்பைக் கயாக்கோடு கட்டும் வார் இதெல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். என்னுடைய பம்ப் காரில் இருந்தது. நீர்வளத் துறை, மீன்வளத் துறை அலுவலகங்களில் கேட்டு அனுமதி வேண்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போங்கள்.

கயாக்கை விற்கலாம் என்று இருக்கிறேன். ஆறாயிரம் கேட்கிறேன், பம்பும் அந்த நல்ல மிதவைச் சட்டையும் சேர்த்து அல்ல, சட்டையை நான் தரமாட்டேன். இடது பக்கம் மூன்று ஒட்டு இருக்கிறது, காற்று நிற்கிறது.